கோடு விழுந்த பூ

மே 12

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தொடர்கிறாயா, அல்லது வழக்கம்போல் மூன்றாம் நாளே கைவிட்டாயா? இங்கே உன் அத்தானுக்கு இருமல் தணிந்துவிட்டது. எனக்கு இரத்த அழுத்தம் அதன் இடத்திலேயே இருக்கிறது. நானும் என் இடத்தில் இருக்கிறேன்.

எங்கள் ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கத்தில் ஒரு கவலை புகுந்திருக்கிறது. தலைவரான ஸ்டேஷன் மாஸ்டரின் செடிகளில் இலைகள் கருத்து, குழிவிழுந்த புள்ளிகளாகத் தெரிகின்றன. அடுத்தடுத்து ஆறு உறுப்பினர்கள் அதையே சொல்கிறார்கள். ஓர் இலையை வேளாண் கல்லூரிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

மார்ச் மாதத்துப் பிரிப்பு நாள் குறைவின்றி நடந்தேறியது. தொட்டி கொள்ளாமல் வளர்ந்த செடிகளை எல்லாரும் நூலக மாடிக்குச் சுமந்து வர, நான் ஒரே மேசையில் ஒரே கத்தியால் நாற்பத்து மூன்று செடிகளைப் பிரித்துக் கொடுத்தேன். செயலாளராகப் பொறுப்பேற்ற இந்தப் பதினாறு ஆண்டுகளில் அந்தக் கத்தியை வேறு எவர் கையும் தொட்டதில்லை. பல் டாக்டர் மட்டும் பக்கத்தில் வந்து நின்று, "ஒவ்வொரு செடிக்கும் கத்திய நெருப்புல காட்டிட்டு வெட்டுங்கம்மா. ஒரு வாய்க்குள்ள வச்சத கொதிக்க வைக்காம நான் அடுத்த வாய்க்குள்ள வைக்கறதில்ல" என்றார். "செடிக்குப் பல் கிடையாது டாக்டர்" என்றேன். கூடமே சிரித்தது. நெருப்பில் காட்டினால் கூர் மழுங்கிவிடும். ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தால் போதும் என்று நான் நூலில் படித்திருக்கிறேன்.

சென்ற ஜூனில் சேர்ந்த தையல்காரம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? வீட்டில் இடம் இல்லாததால் நூலகத்துக்குப் பின்னால் உள்ள சங்கத்தின் நிழல்வலைக் கூடத்தில் பதினோரு தொட்டிகள் வைத்திருக்கிறாள். அவற்றில் ஒன்றைக்கூட என் மேசைக்குக் கொண்டுவரவில்லை. "என் செடிய நானே பிரிச்சுக்கறேன்க்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

மூன்று முறை முதற்பரிசு வாங்கிய என் கோடு விழுந்த பூவின் பிரிவு, உன்னைத் தவிர வேறு எவருக்கும் நான் கொடுத்திராதது, இந்த ஆண்டு உன் வீட்டில் பூத்திருக்க வேண்டுமே?

உன் நலம் விழையும்,
அக்கா

மே 27

அக்கா,

முழங்கால் பரவாயில்லை. பயிற்சியை மூன்றாம் நாள் விடவில்லை, ஐந்தாம் நாள்தான் விட்டேன். நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவனுக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அத்தானிடம் சொல், மகிழ்வார்.

உன் செடி பூத்துவிட்டது. வெள்ளை இதழில் யாரோ ஊதா மையால் கோடு இழுத்த மாதிரி, நீ அனுப்பிய படத்தில் இருப்பது போலவே. மாடி வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "இது நிஜப் பூதானா?" என்று கிள்ளப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இலைகளில் கருப்பாகப் புள்ளி இருக்கிறது. தடவினால் பள்ளமாக விரலுக்குத் தெரிகிறது. போன வருடமே இரண்டு மூன்று இருந்தது. வெயிலால் என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லா இலையிலும் வந்துவிட்டது. நீ எழுதியிருக்கிற புள்ளியும் இதுவும் ஒன்றா? நான் என்ன செய்ய வேண்டும்?

அன்புடன்,
சின்னவள்

ஜூன் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் மூன்றாம் தேதி கைக்கு வந்தது. பெரியவனின் செய்தியைக் கேட்டு நாங்கள் இருவரும் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அச்சகத்திலேயே ஆயுளைக் கழித்த உன் அத்தான், "மை வாசனை பிடிச்சுட்டா அப்புறம் விடாது" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு ஓய்வு கொடு.

நேற்று, இரண்டாம் சனிக்கிழமை, சங்கக் கூட்டம் நடந்தது. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வைரஸ் நோய். மருந்து கிடையாது, நோயுற்ற செடியை எரிப்பது ஒன்றே வழி. தலைவர் தம் இருபது தொட்டிகளின் பட்டியலைப் படிக்கும்போது குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார்.

நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. தையல்காரம்மாவின் செடிகள் சந்தையில் பெயர்ச்சீட்டுகூட இல்லாமல் வாங்கியவை என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். பல் டாக்டர் எழுந்து, "அவங்க செடில ஒரு புள்ளிகூட இல்லையே" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சில செடிகள் நோயை உள்ளே சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வெளியே காட்டாமல் இருப்பதுண்டு என்று நான் படித்ததை எடுத்துரைத்தேன். எவரையும் நான் குறிப்பிடவில்லை. பொதுவாகத்தான் சொன்னேன்.

"அப்ப இங்க இருக்கற எல்லார் செடியும் அப்படி இருக்கலாம்தானேக்கா?" என்று அவள் கேட்டாள்.

தலைவர்தான் பதில் சொன்னார். "நம்ம செடியெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியும்மா. உங்களோடதுதான் தெரியல."

ஒவ்வொன்றாகச் சோதனைக்கு அனுப்பினால் மாதக்கணக்காகும், அதற்குள் கூடம் முழுவதும் பரவிவிடும் என்பதால், அடுத்த மாதக் கூட்டத்தன்று அவளுடைய பதினோரு செடிகளையும் எரிப்பதென்றும், அவளை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதென்றும் முடிவாயிற்று. தீர்மானத்தை எழுதியது நான்தான். செயலாளர் என்ற முறையில்.

வேறு சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

உன் நலம் விழையும்,
அக்கா

ஜூன் 22

அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் இரத்த அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கூட்டம் அது இதுவென்று அலைந்து ஏற்றிவிடாதே.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். செடி விஷயத்தில் நீ மறக்கிறவள் இல்லையே என்று பிறகு நினைத்தேன்.

ஒரு இலையை எடுத்துக்கொண்டு இங்கே நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரிடம் போனேன். பூவின் படத்தையும் காட்டினேன். அவர் இலையைக் கையில்கூட வாங்கவில்லை. "அந்தக் கோடு அழகுக்கு வந்ததில்லம்மா. நோயாலதான் நிறம் உடைஞ்சு கோடு கோடா வருது. இத வெட்டின கத்தியால வேற எதையும் வெட்டிடாதீங்க. ஸ்பிரிட்டுக்கெல்லாம் இது சாகாது" என்றார்.

தொட்டியில் நீ குத்திவைத்த சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. பிரித்த தேதி உன் கையெழுத்தில் இருக்கிறது. போன வருடத்துக்கும் முந்தின வருடம், மார்ச். அந்தத் தையல்காரம்மா சங்கத்தில் சேர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னால்.

எனக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? நீயே சொல்.

அன்புடன்,
சின்னவள்

ஜூலை 2

சின்னவளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்தச் செடியை எரித்துவிடு. சீட்டையும் சேர்த்து. வேறு நல்ல செடி ஒன்று அனுப்பி வைக்கிறேன்.

நாற்றுப்பண்ணைக்காரர்கள் வியாபாரிகள். அவர்கள் சொல்வதையெல்லாம் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள சின்னவளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடல்நலக் குறைவு ஏதுமில்லையே? முழங்கால்தான் உன்னைப் படுக்க வைத்துவிட்டதோ என்று உன் அத்தான் கவலைப்படுகிறார்.

பன்னிரண்டாம் தேதி அந்தக் காரியம் முடிந்தது. நூலகத்தின் பின்புறம் ஒரு தகரப் பீப்பாயில் தீ மூட்டியிருந்தார்கள். தையல்காரம்மா வரமாட்டாள் என்றே நினைத்திருந்தோம். வந்தாள். ஒவ்வொரு செடியையும் தானே தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் தூளை உதறி, தலைவர் கையில் கொடுத்தாள். "தொட்டி உடைய வேண்டாம்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

ஒன்று மொட்டு விட்டிருந்தது. தலைவருக்கே மனம் வரவில்லை. "மொட்டோட இருக்கேம்மா. இத வேணா ஒரு வாரம்..." என்றார்.

"வேண்டாங்க. போடறதுன்னா எல்லாத்தையும் போடுங்க."

நான் பீப்பாய்க்குப் பக்கத்தில், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு நின்றேன். வேர்கள் வெண்மையாக இருந்தன. அத்தனை வெண்மையான வேர்களை எங்கள் சங்கத்தில் நான் நெடுநாளாகப் பார்த்ததில்லை. பதினொன்றும் முடிந்ததும் வெறுந்தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். என்னைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாட்டில் நாட்டமில்லை. உன் அத்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம், "எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை மேசைமேல இருக்கும்பா. செடிக்குப் புள்ளி வந்தா மூணு நாள் இவளுக்குச் சாப்பாடு இறங்காது" என்று கேலி பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும்.

அந்தச் செடியை என்ன செய்தாய் என்று ஒரு வரி எழுது.

அக்கா

ஆகஸ்ட் 18

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

எரித்துவிட்டேன். நீ சொன்ன கடிதம் வந்த அன்றைக்கே. சீட்டு பிளாஸ்டிக், சுருண்டு ஒரு மாதிரி வாடை வந்தது. உன் கையெழுத்து கடைசிவரை தெரிந்தது.

நீ சொன்னாய் என்பதற்காக மட்டும் எரிக்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துதான் எரித்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், நூலகத்தில் நின்றுகொண்டே படித்துப் படித்து, டாக்டரும் ஸ்டேஷன் மாஸ்டரும் எழுந்து வழிவிடும் இடத்துக்கு வந்தாய். அங்கே உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று எரித்தேன். அன்றைக்கு நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

பிறகு பீப்பாயில் எரித்ததைப் பற்றிய உன் கடிதம் வந்தது. அந்தச் சாட்சியம் இருந்திருந்தால் நானே உங்கள் தலைவருக்கு எழுதியிருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. இப்போது அதுவும் இல்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நாற்பத்து மூன்று செடியை வெட்டினாய். அவளுடையது ஒன்றையும் வெட்டவில்லை. இதை நீ யோசிக்காமல் இருந்திருக்க மாட்டாய்.

சின்னவள்

செப்டம்பர் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

நீங்கள் அனைவரும் சுகம்தானே? எனக்கு இங்கே தூக்கம் குறைவு; மற்றபடி குறையொன்றுமில்லை.

ஆம், யோசித்தேன். என் கத்தி படாதவை அவளுடைய செடிகள் மட்டுமே. அவை நோயுற்றவையா அல்லவா என்பதை இனி எந்தப் பரிசோதனைக் கூடமும் சொல்ல முடியாது. சாம்பலைத்தான் அனுப்ப வேண்டும்.

நேற்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நோய் என் செடியிலிருந்து வந்தது. பரிசு வாங்கிய அந்தப் பூவின் கோடே நோயின் அடையாளம். ஒவ்வொரு பிரிப்பு நாளிலும் முதலில் என் செடியைப் பிரித்துவிட்டு, அதே கத்தியால் உங்கள் செடிகளைப் பிரித்தேன். பழி தையல்காரம்மாவுடையது அல்ல, என்னுடையது. முந்தின இரவே எழுதி மனப்பாடம் செய்திருந்ததால் தடுமாறவில்லை.

பிறகு தலைவர் எழுந்தார்.

"செயலாளரம்மாவோட பெரிய மனச பாருங்க. அந்தம்மா மேல இரக்கப்பட்டு எல்லாத்தையும் தன் தலைல போட்டுக்கறாங்க."

கை தட்டினார்கள், சின்னவளே. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். "இல்லை, நான் சொல்வது உண்மை" என்றேன்; இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் அவ்வளவு அழகாகப் பேசியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டில் என்னோடு இறங்கி வந்தார்.

"நீங்க சொன்னது நிஜமாம்மா?"

"நிஜம் டாக்டர்."

"அப்ப ஒரு இலைய லேபுக்கு அனுப்பிடுங்க. காகிதத்துல வந்தாதான் இவங்க நம்புவாங்க. நீங்களே கத்துக்கொடுத்த பழக்கம் அது."

இன்று காலை என் செடியின் இலையை அனுப்பிவிட்டேன்.

உன் அக்கா

அக்டோபர் 2

அக்கா,

இங்கே எல்லாரும் நலம். தூக்கம் வரவில்லையென்றால் டாக்டரிடம் சொல். பல் டாக்டரிடம் இல்லை, சரியான டாக்டரிடம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கதவுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து சொன்னதே எனக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். ஆனால் எனக்குப் போதுமா என்பது இல்லையே விஷயம்.

அவளிடம் போய்ச் சொன்னாயா? சங்கத்துக்குச் சொன்னது வேறு, அவளுக்குச் சொல்வது வேறு.

சின்னவள்

அக்டோபர் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் வீட்டில் உள்ளோரும் நலமென்று எண்ணுகிறேன். உன் அத்தானுக்கு மறுபடி இருமல். கசாயம் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார்.

முடிவு வந்துவிட்டது. அதே வைரஸ். அந்தத் தாளை நானே சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இம்முறை எவரும் கை தட்டவில்லை. தலைவர் என்னைக் கண்டதும் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். செயலாளர் பொறுப்பை எழுத்து மூலம் விட்டுவிட்டேன். என்னுடைய முப்பத்தொன்பது தொட்டிகளும் அதே பீப்பாயில் போய்விட்டன. தையல்காரம்மாவை மறுபடி சேர்த்துக்கொள்வதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தீர்மானத்தின் நகலோடு அவளுடைய கடைக்குப் போனேன். இரண்டு ஆள் நிற்க இடமில்லாத கடை; வெட்டிய துணிகள் கயிற்றில் தொங்குகின்றன. அவள் தையலை நிறுத்தவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை, அதனால் தடுமாறினேன்.

முடித்ததும் அவள் கேட்டாள். "டாக்டர் வந்து சொன்னாருக்கா. அது தெரியும். உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

சின்னவளே, நான் எந்தத் தேதியைச் சொல்லியிருந்தாலும் அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். பரிசோதனை முடிவு வந்த பிறகு என்று சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச எதுவும் மிச்சமில்லை.

"ஜூன் மாசம், மூணாம் தேதி" என்றேன்.

இயந்திரம் நின்றது. விரலை மடக்கி எண்ணினாள்.

"கூட்டத்துக்கு முன்னாடியே."

"பதினோரு நாள் முன்னாடி."

"அப்ப, உள்ளே நோய் இருக்கும், வெளியே தெரியாதுன்னு எழுந்து சொன்னீங்களே, அது தெரிஞ்சே சொன்னதா?"

"தெரிஞ்சேதான்."

"தப்பு உங்களோடதுன்னு சொன்ன கூட்டத்துல இத சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். கத்தியைச் சொன்னேன், செடியைச் சொன்னேன், தேதியைச் சொல்லவில்லை.

"அறியாம செஞ்ச தப்புன்னுதான் அவங்க இப்ப நினைச்சுட்டு இருக்காங்க" என்றாள். "நான்கூட அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்." பிறகு தீர்மானத்தின் நகலை எடுத்து, மடிப்புக் கலையாமல் என்னிடமே நீட்டினாள். "இத நீங்களே வச்சுக்குங்க. ஊசி கோக்கணும், வெளிச்சத்த மறைக்காதீங்க."

நகர்ந்து நின்றேன். அவள் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர்க் கூட்டத்துக்குப் போகிறேன், உறுப்பினராக மட்டும். நான் வாயால் சொன்னால் என்ன நேரும் என்பது உனக்குத் தெரியும். என்னையறியாமல் அழகாகச் சொல்லிவிடுவேன். ஆகவே மே மாதத்திலிருந்து நான் உனக்கு எழுதிய கடிதங்கள் அனைத்தையும் அனுப்பி வை. தேதி வாரியாக அவற்றைத் தலைவரிடம் கொடுத்து, அவர் வாயாலேயே படிக்கச் சொல்லப் போகிறேன்.

உன் அக்கா

நவம்பர் 4

அக்கா,

நாங்கள் நலம். அத்தானுக்குக் கசாயத்தில் தேனைக் கலந்து கொடு, கேட்காமலே குடிப்பார்.

கடிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து. நீ கேட்காவிட்டாலும் எனக்கு நீ கடைசியாக எழுதியதையும் சேர்த்து ஆறாக வைத்திருக்கிறேன். என்னுடையவை உன்னிடம் இருக்கும். அவற்றையும் தலைவரிடம் கொடு. சாட்சியத்தை எரித்தது யார் என்பதும் அவர் வாயால் படிக்கப்படட்டும்.

ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தை மட்டும் இரண்டு முறை உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். நாலே வரி. அது இல்லாவிட்டால் மற்றதில் நீ ஏதோ பயந்துபோய்ப் பேசாமல் இருந்தவள் மாதிரித் தெரிவாய். அதை இங்கேயே வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று தோன்றியது. அப்படி ஏற்கெனவே ஒருமுறை தோன்றியதும் நினைவுக்கு வந்தது.

உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். தபால் நிலையம் மூடுவதற்குள் ஓட வேண்டும்.

சின்னவள்